பிராசஸர் ஃபேன் ஏறி இறங்கிச் சத்தம் போடுகிறது, கூலர் மாற்றினால் தீருமா? (ரைசன் 5 5600)

ஒலிப்பதிவு_திருச்சி

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பள்ளிப் பாடங்களுக்குக் குரல் பதிவு செய்து கொடுக்கிறேன். சிஸ்டம் ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், பிராசஸர் பெட்டியோடு வந்த சின்னக் கூலர்தான் (அலுமினியத் தகடுகள், அதன் மேல் ஒரு ஃபேன்). கேபினெட்டில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ஃபேன். பிரச்சினை என்னவென்றால் சத்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், 'உய்ய்ங்' என்று ஏறி நாலைந்து நொடியில் இறங்கிவிடும், மறுபடி ஏறும். சீராக ஓடும் சத்தத்தை எடிட்டிங்கில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாம், இப்படி ஏறி இறங்குவதை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து கெட்டுப்போகிறது.

சும்மா இருக்கும்போது 45 டிகிரி, திடீரென்று 62 வரை தாவுகிறது, வீடியோ ரெண்டரிங்கில் 84. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்வேன் என்பதால் அறையும் சூடாகிவிடும். புதுக் கூலர் வாங்கத் தயார்தான், ஆனால் அதனால் இந்த ஏற்ற இறக்கம் நிற்குமா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

கோவை_பில்டர்

240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் (பம்ப் வைத்துத் தண்ணீரால் குளிர்விப்பது) ஒன்று போடுங்கள், வேலை முடிந்தது. 84 டிகிரி எல்லாம் எனக்குப் பிடிக்காத எண். பிராசஸர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அமைதிப்பிரியன்

பொறுங்கள், இன்னும் எதையும் வாங்க வேண்டாம். அவர் சொல்கிற அறிகுறியைப் பாருங்கள்: 45-லிருந்து 62-க்கு ஒரு தாவல், நாலு நொடியில் திரும்ப இறங்குகிறது. இது கூலர் போதாததால் வருவது இல்லை. இந்தப் பிராசஸரில் கோர்கள் உட்கார்ந்திருக்கும் சில்லு சுமார் 80 சதுர மில்லிமீட்டர்தான், 7 நானோமீட்டர் தயாரிப்பு. ஒரு டேப் திறந்ததும் ஒன்றிரண்டு கோர்கள் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு உச்ச வேகத்துக்குப் போய்விடும், அத்தனை சின்ன இடத்தில் அந்தச் சூடு ஒரே கணத்தில் குவியும். சென்சார் காட்டுவது அந்தச் சிலிக்கானின் சூட்டை. மேலே இருக்கும் அலுமினியத்துக்கு இன்னும் சூடே போய்ச் சேர்ந்திருக்காது. அடுப்பை ஒரு நொடி ஏற்றி அணைத்தால் தோசைக்கல் காய்ந்துவிடுமா? அந்த மாதிரிதான்.

ஆக, அந்த நாலு நொடியில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனே கிடையாது. சூடாகாத அலுமினியத்தின் மேல் காற்றடிக்கிறது, அவ்வளவுதான். மதர்போர்டின் ஆட்டோ அமைப்பு இது தெரியாமல் ஒவ்வொரு தாவலுக்கும் ஃபேனை விரட்டுகிறது. எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் தாவல் குறையுமே தவிரப் போகாது, அதே அமைப்பு இருந்தால் புது ஃபேனும் அதே மாதிரி ஏறி இறங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பயாஸுக்குள் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) போய் சிபியு ஃபேன் கர்வைத் திறங்கள், எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று சொல்லும் கோடு அது. 65 டிகிரி வரைக்கும் ஒரே கோடாகப் படுக்க வைத்துவிடுங்கள், 35 சதவீதம் மாதிரி. 65-லிருந்து 75-க்குள் மெதுவாக 55 சதவீதத்துக்குப் போகட்டும். 85-இல் 80, அதற்கு மேல் முழு வேகம். அதே பக்கத்தில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் அல்லது ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும் (போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்), அதில் இருப்பதிலேயே நீளமான நேரத்தைப் போடுங்கள். பயாஸில் அது ஒரு நொடிக்கு மேல் போகாவிட்டால் விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஏறுவதற்கு எத்தனை நொடி, இறங்குவதற்கு எத்தனை நொடி என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். ஏற 5 நொடி, இறங்க 10 நொடி கொடுத்துப் பாருங்கள்.

சூடு பற்றிக் கவலை வேண்டாம். 5600-க்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி, அதைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டேப் திறக்கும்போது 65 தொடுவதால் எதுவும் கெடாது.

ரிச்சிதெரு_வாசி

அவர் சொன்னது சரி, ஆனால் கர்வைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பாருங்கள் தங்கச்சி. சத்தம் என்று கடைக்கு வருகிற சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து பிளோயர்தான். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். தூசி உட்காருவது ஃபேனுக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் வாயில். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனை எடுத்தால் அங்கே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருக்கும், விரலால் உரித்து முழுசாக எடுக்கலாம். அது இருக்கும் வரை காற்று தகடுகளுக்குள் இறங்காது, பக்கவாட்டில் ஓடிவிடும், அந்த உரசலே தனிச் சத்தம். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் போர்டில் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் பிராசஸரில்தான் இருக்கின்றன, சாக்கெட்டில் இல்லை. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பழைய பேஸ்ட் காய்ந்துபோய் இருந்தால் கூலரை நேராகத் தூக்கும்போது பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், லாக் போட்டிருந்தாலும் வரும், ஊசி வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் ஏதாவது ரெண்டரிங் ஓட விட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள், அப்புறம் பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் கூலரை இடவலமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டதும் தெரியும், அப்போது தூக்குங்கள்.

இதோடு கேபினெட் ஃபேன் மூன்றும் எதில் செருகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் பெரிய நாலு பின் மொலெக்ஸ் பிளக்கில் நேராகப் போட்டிருந்தால் அது எந்நேரமும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில்தான் ஓடும், பயாஸில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. குறைந்த விலைக் கேபினெட்களில் இது சகஜம்.

ஒலிப்பதிவு_திருச்சி

நன்றி அண்ணா. பார்த்தேன், பின் ஃபேன் மதர்போர்டில் மூன்று பின்னில் இருக்கிறது. முன்னால் இருக்கும் இரண்டும் ஒரு ஒய் கேபிளில் சேர்ந்து மதர்போர்டின் நாலு பின் இடத்தில் செருகியிருக்கின்றன, ஆனால் அவற்றின் பிளக்கில் மூன்று ஓட்டைதான்.

வெப்பவியல்

அப்படியென்றால் பயாஸில் அந்த இடம் பிடபிள்யூஎம் முறையில் (துடிப்பால் வேகம்) இருக்கிறதா, டிசி முறையில் (வோல்டேஜால் வேகம்) இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பின் ஃபேனில் வோல்டேஜ் எப்போதும் 12 தான், நாலாவது கம்பியில் வரும் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வேகத்தைச் சொல்லும். மூன்று பின் ஃபேனுக்கு அந்தக் கம்பியே இல்லை, வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். மூன்று பின் ஃபேனைப் பிடபிள்யூஎம் முறையில் விட்டால் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டிசிக்கு மாற்றினாலே முன்பக்கம் பாதி அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

சத்தத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் எங்கே கை வைக்கலாம் என்று புரியும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். அதே சமயம், ஒரே அளவு சத்தம் போடும் இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் சேர்த்தால் 3 டெசிபெல்தான் கூடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) கத்தும் ஒரு ஃபேனைவிட 1000 ஆர்பிஎம்மில் ஓடும் இரண்டு ஃபேன்கள் எவ்வளவோ அமைதி. பெரிய ஃபேன் ஏன் நல்லது என்பதற்கும் இதுதான் காரணம், அதே காற்றை மெதுவாகச் சுற்றியே கொடுத்துவிடும்.

கோவை_பில்டர்

நான் இன்னும் லிக்விட் பக்கம்தான். தண்ணீர் சூடாக நிமிடக்கணக்கில் ஆகும், அதனால் ஃபேன் பதறாது. நான் கட்டித் தருகிற 16 கோர் சிஸ்டங்களில் ரெண்டரிங் மணிக்கணக்கில் ஓடும், 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசஸருக்கு ஏர் கூலர் வைத்து அமைதியாக ஓட்டுவது எளிதில்லை.

அமைதிப்பிரியன்

200 வாட்டுக்கு நீங்கள் சொல்வதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். இவருடையது 65 வாட் பிராசஸர், சாக்கெட்டுக்கு வரும் உச்சமே 76 வாட். அப்புறம் தண்ணீர் நிதானமாகச் சூடாகும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பலன் கிடைக்க வேண்டுமென்றால் ஃபேன் தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஓட வேண்டும். குறைந்த விலை லிக்விட் கூலர்கள் பலவற்றில் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரே இருக்காது, ஃபேன் மதர்போர்டின் சிபியு சூட்டைத்தான் பார்க்கும், மறுபடி அதே தாவல். மேலும் பம்ப்புக்கென்று ஒரு மெல்லிய ரீங்காரம் உண்டு, அது சிஸ்டம் சும்மா இருக்கும்போதும் நிற்காது. மைக் வைத்துப் பதிவு செய்கிறவருக்கு அந்த ஒரே சுருதி ரீங்காரம் நல்லதல்ல.

ஒலிப்பதிவு_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. ரிச்சிதெரு அண்ணா சொன்ன சாம்பல் படலம் அப்படியே இருந்தது, எடுத்தேன். முன் ஃபேன்களை டிசிக்கு மாற்றினேன், கர்வைப் படுக்க வைத்தேன், ஃபேன் கண்ட்ரோலில் 5, 10 நொடி கொடுத்தேன். ஏறி இறங்குவது சுத்தமாக நின்றுவிட்டது! டேப் திறந்தால் சூடு 64 வரை போகிறது, ஃபேன் அசையவில்லை. ரெண்டரிங்கில் 81.

இப்போது அமைதியானதும் வேறொன்று கேட்கிறது. 'வூம்... வூம்...' என்று அலை அலையாக, நொடிக்கு மூன்று நாலு தடவை வரும் மாதிரி. ஹெட்போனில் நன்றாகத் தெரிகிறது. இது முன்னாடியும் இருந்திருக்கும், பெரிய சத்தத்தில் மறைந்திருக்கும் போல. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெப்பவியல்

அலையடிப்பது என்றாலே இரண்டு ஃபேன் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஆனால் சரியாக ஒரே வேகத்தில் இல்லாமல் ஓடுகின்றன என்று அர்த்தம். ஏழு இறக்கை ஃபேன் 1200 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 140 தடவை இறக்கை கடக்கும், பக்கத்தில் இருப்பது 1230-இல் ஓடினால் 143.5 தடவை. இரண்டும் கலக்கும்போது வித்தியாசமான மூன்றரை தடவை ஏறி இறங்குவதாகக் காதுக்குக் கேட்கும். உங்கள் முன் ஃபேன் இரண்டும் ஒரே ஒய் கேபிளில் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன, ஆனால் இரண்டு மோட்டார் சரிசமமாக இருக்காதே. தனித்தனி இடத்தில் செருகி ஒன்றை 700-இல், இன்னொன்றை 900-இல் ஓட விடுங்கள். அலை தொலைந்துவிடும்.

ரிச்சிதெரு_வாசி

இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது: ஒரு நியூஸ்பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமும் எஸ்எம்பிஎஸ் பக்கமும் ஹார்ட் டிஸ்க் பக்கமும் கொண்டுபோங்கள். சத்தம் எது போடுகிறதோ அது குழாயில் பளிச்சென்று கேட்கும். சந்தேகம் தீராவிட்டால் சுற்றும் ஃபேனின் நடுக் குமிழை, இறக்கையை இல்லை, நடுவை மட்டும் விரல் நுனியால் மெதுவாக அழுத்தி ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். சிபியு ஃபேனில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று, அந்த அதிர்வு தகரத்தில் ஏறினால் கேபினெட் முழுசும் 'ம்ம்ம்' என்று பாடும். பக்கத்து மூடியில் கையை அழுத்தி வைத்தால் சத்தம் மாறுகிறதா பாருங்கள், மாறினால் அதிர்வுதான். டிஸ்க் ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டால் அடங்கும்.

ஒலிப்பதிவு_திருச்சி

பேப்பர் குழாய் வைத்துப் பார்த்ததில் முன் ஃபேன்கள்தான், கேபிளைப் பிரித்து வேகத்தை மாற்றினேன், அலை போய்விட்டது. கைவைத்து அழுத்தினால் மூடியின் சத்தமும் கொஞ்சம் மாறியது, டிஸ்க்குக்கு வாஷர் வாங்கப் போகிறேன்.

இனி மிச்சம் ரெண்டரிங் நேரம்தான். அப்போது கூலர் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் போய்விடுகிறது. அதை மட்டும் குறைக்கக் கூலர் மாற்றுவது சரியா?

அமைதிப்பிரியன்

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் செய்யலாம். முதலில் காசில்லாத வழி. சூட்டை ஊதித் தள்ளுவதைவிடச் சூடே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பயாஸில் ஈகோ மோட் (பிராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்குக் குறைந்த வரம்பு) இருக்கும், அதை 45 வாட்டுக்கு வைத்தால் சாக்கெட்டுக்கு வரும் உச்சம் 76 வாட்டிலிருந்து 61 வாட்டாகக் குறையும். மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது, ஆனால் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் கடைசி நூறு இருநூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறுகிறது. குரல் எடிட்டிங்கில் வித்தியாசமே தெரியாது, வீடியோ ரெண்டரிங் மட்டும் சற்று நீளும். கொஞ்சம் பொறுமை இருந்தால் பயாஸில் கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுத்து ஆரம்பிக்கலாம், அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ். ஒவ்வொரு தடவை இறக்கியதும் கனமான வேலையும் லேசான வேலையும் சேர்த்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள், சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் அதிகமாக இறக்கியாயிற்று என்று அர்த்தம்.

இரண்டாவது, கூலர். உங்களுக்கு ஒற்றை டவர் (நின்ற வாக்கில் ஒரே தகடு அடுக்கு), 120 மில்லிமீட்டர் ஃபேன், நாலு ஹீட் பைப் (சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்) போதும். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 இந்த ரகம். ஏகே400-இன் உயரம் 155 மில்லிமீட்டர், வாங்குவதற்கு முன்னால் கேபினெட்டின் விவரத்தில் கூலர் உயரம் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். 150 என்று போட்டிருந்தால் பக்கத்து மூடி மூடாது. முடிந்தால் எஃப்டிபி பேரிங் (எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றும் ரகம்) ஃபேன் இருப்பதாக எடுங்கள், சாதா ஸ்லீவ் பேரிங் எண்ணெய் வற்றியதும் கரகரக்க ஆரம்பிக்கும், அதுவும் படுக்கையாக மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஒன்று நினைவில் வையுங்கள், எந்த ஏர் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறை மார்கழியில் 26, சித்திரையில் 36 என்றால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 சொச்சம் டிகிரி அறையில் எடுத்தவை. கர்வை மார்கழியில் போட்டால் சித்திரையில் எப்போதும் மேட்டிலேயே ஓடும், அதனால் கோடை மதியத்தில் உட்கார்ந்து அமையுங்கள்.

ரிச்சிதெரு_வாசி

டவர் மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். சில மாடல்களுக்கு மதர்போர்டின் கறுப்புப் பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழற்றச் சொல்வார்கள். அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் பின்பக்கத் தகடு பிடியில்லாமல் கீழே விழும். கேபினெட்டைப் படுக்க வைத்துக்கொண்டு ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். ஸ்க்ரூவை ஒரே பக்கம் முழுசாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஃபேனின் காற்று கேபினெட்டின் பின்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

யாழ்_மேசைக்கணினி

வணக்கம். இதே மாதிரி என்ர கேள்வியையும் கேட்கலாமோ? என்னிடம் இன்டெல் ஐ5 12400, சின்ன கேசிங், கூலருக்கு 55 மில்லிமீட்டர்தான் இடம். இப்ப தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 போட்டிருக்கிறன். வேலை கூடினால் 95 பாகை தாண்டுது, சத்தமும் தாங்கேலாது. பக்க மூடியைக் கழற்றினால் சத்தமும் குறையுது, சூடும் குறையுது. மூடியில் துளைகள் இருக்கு, பிறகு ஏன் அண்ணை?

வெப்பவியல்

47 மில்லிமீட்டர் கூலர், 55 மில்லிமீட்டர் இடம் என்றால் ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவில் 8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. துளைகளின் விளிம்பில் சுழலும் காற்று அப்படியே இறக்கையில் போய் மோதுகிறது, அந்தக் கரகரப்புதான் கூடுதல் சத்தம். சூடு கூடுவதற்கு வேறு காரணம்: ஃபேன் வெளியிலிருந்து மட்டும் காற்றை இழுக்கவில்லை, கூலரிலிருந்து வெளியே வந்த சூடான காற்றையே பக்கவாட்டில் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மூடிக்கும் ஃபேனின் சட்டத்துக்கும் இடையில் சுற்றிலும் மென்மையான ஃபோம் பட்டை ஒட்டி அந்த இடைவெளியை அடைத்துப் பாருங்கள். வெளிக்காற்று மட்டும்தான் உள்ளே வரும், சூடு சில டிகிரி இறங்கும்.

அமைதிப்பிரியன்

கூடவே பயாஸில் பவர் லிமிட் (பிராசஸர் இழுக்கலாம் என்ற மின்சார எல்லை) எவ்வளவு என்று பாருங்கள். 12400-க்கு இன்டெல் சொன்னது அடிப்படை 65 வாட், டர்போவில் 117 வாட். நிறைய மதர்போர்டுகள் இந்த எல்லையை எடுத்துவிட்டு 4096 வாட் என்று போட்டு வைத்திருக்கும், அதாவது எல்லையே இல்லை. பிஎல்1 (நீண்ட நேர எல்லை) 65, பிஎல்2 (சிறிது நேர டர்போ எல்லை) 80 அல்லது 90 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். 47 மில்லிமீட்டர் கூலர் 65 வாட்டை நிதானமாகச் சமாளிக்கும், 100-க்கு மேல் அதனால் முடியாது.

யாழ்_மேசைக்கணினி

பார்த்தன், 4096 எண்டுதான் இருந்தது. 65, 90 போட்டுவிட்டன், இப்ப 78 பாகைக்கு மேல போகேல்ல. ஃபோம் கதவு இடுக்கில ஒட்டுற பட்டை சரியோ?

வெப்பவியல்

சரிதான், மென்மையான ஸ்பாஞ்ச் ரகமாக எடுங்கள். கெட்டி ரப்பர் வேண்டாம், ஃபேனின் அதிர்வை நேராக மூடிக்குக் கடத்திவிடும். மூடியை மூடும்போது லேசாக அமுங்கினால் போதும், ஃபேன் சட்டத்தை அழுத்தக் கூடாது. 8 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 10 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும்.